மதுரையிலிருந்து மலைக்கு: இரண்டு ராத்திரி டென்ட்டில் தங்க என்னென்ன செய்ய வேண்டும்

மலையில் டென்ட் போட்டுத் தங்கினால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே போடலாம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். ஒரு அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். தங்கும் இடத்துக்குப் போன் போட்டால் "வாங்க சார், பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த 'பாத்துக்கலாம்' என்பதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பது மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். மதுரையில் இருந்துகொண்டு, இதுவரை டென்ட்டுக்குள் தலை வைத்தே படுக்காத ஒருவர் முதல் தடவை கிளம்புவதற்கு என்னென்ன வேண்டுமோ, அதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் ராத்திரிக் கணக்கை முடிவு செய்யுங்கள்

சனிக்கிழமை மதியம் போய் ஞாயிறு மதியம் இறங்குகிற பயணத்தில் கிடைப்பது அலுப்புதான். முதல் ராத்திரி புதியவர்கள் யாருக்கும் ஒழுங்காகத் தூக்கம் வராது. தரை முதுகை அழுத்தும், டென்ட் துணி படபடக்கும், வெளியே ஒரு சருகு நகர்ந்தாலும் கண் திறந்துகொள்ளும். விடிந்ததும் மூட்டையைக் கட்டிக் கீழே இறங்கினால், 'இதுக்குப் போயா இவ்வளவு செலவு' என்றுதான் தோன்றும்.

பலன் இரண்டாவது ராத்திரியில் தெரியும். பகல் முழுக்க வெயிலில் நடந்திருப்பீர்கள், போனில் சிக்னல் இருக்காது, இருட்டின பிறகு பார்ப்பதற்குத் திரை எதுவும் இல்லை. எட்டரை மணிக்கே கண் சொக்கும். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் வேலையில் ராத்திரி ஒரு மணிவரை கம்ப்யூட்டரைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒன்பது மணிக்குத் தூங்கி ஐந்தரைக்கு அலாரம் இல்லாமல் எழுந்தது புது அனுபவம்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கென்னத் ரைட் என்ற ஆராய்ச்சியாளரும் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அவருடன் வேலை செய்தவர்களும் எட்டுப் பேரை ஒரு வாரம் ராக்கி மலையில் டென்ட்டில் தங்கவைத்தார்கள். டார்ச், போன் எதுவும் கிடையாது. சூரிய வெளிச்சமும் கணப்பு நெருப்பும் மட்டும். தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன், வீட்டில் இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்கூட்டியே சுரக்க ஆரம்பித்தது. 2013-ல் வெளிவந்த ஆய்வு இது. ஒரு வாரம் எல்லாம் நமக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். 2017-ல் அதே குழுவினர் வெறும் வார இறுதி முகாமையும் அளந்தார்கள். அதிலேயே ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உடம்புக் கடிகாரம் முன்னால் நகர்ந்துவிட்டது.

அதனால் வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போடுங்கள். வெள்ளி, சனி இரண்டு ராத்திரி. லீவு கிடைக்கவில்லை என்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவதே மேல்.

2. எங்கே போடலாம், எங்கே கூடாது

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். மலை என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைப்பதே வனச் சட்டப்படி குற்றம். டென்ட் போட்டு அடுப்பு மூட்டினால் கேட்கவே வேண்டாம்.

மதுரைக்குப் பக்கத்திலேயே மலைகள் இருக்கின்றனவே என்று ஆசைப்படாதீர்கள். அழகர்மலை காப்புக்காடு. யானைமலை, சமணர்மலை இரண்டிலும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்கள் இருக்கின்றன. அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். இவை எல்லாம் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வரும் இடங்கள். சதுரகிரிக்கும் சாமி கும்பிடத்தான் விடுவார்கள், தங்க விடமாட்டார்கள். அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. மேகமலையில் அறை எடுத்துத் தங்கலாம். டென்ட் ஆசையை அங்கே கொண்டுபோகாதீர்கள். இருட்டின பிறகு சோதனைச் சாவடியில் வண்டியை ஏறவும் விடமாட்டார்கள்.

குரங்கணி என்று யாராவது ஆசை காட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2018 மார்ச் 11-ம் தேதி அங்கே காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. இப்போது வனத்துறை நடத்தும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்து, அவர்கள் தரும் வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். குரங்கணி - சாம்பலாறு, வட்டக்கானல் - வெள்ளகவி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அவை பகலில் நடந்து திரும்பும் பாதைகள், ராத்திரி தங்கல் அதில் சேராது.

அப்படியானால் டென்ட்டுக்கு மிச்சம் இருப்பது பட்டா நிலம்தான், அதாவது தனியார் எஸ்டேட், தோட்டம். மதுரைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் இடங்கள் இவை.

சிறுமலை: திண்டுக்கல் - நத்தம் சாலையிலிருந்து பிரிந்து ஏறுவது. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரத்தில் மதுரையிலிருந்து மேலே போய்விடலாம். மலைவாழைத் தோட்டங்கள், மிளகு, பலா. குளிர் மிதமாக இருக்கும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம்: வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி வழியாக ஏற வேண்டும். காப்பித் தோட்டங்கள். கூட்டம் குறைவு.

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்கள்: பூம்பாறை, கூக்கால், மன்னவனூர். அழகு அதிகம், குளிரும் அதிகம், ஞாயிற்றுக்கிழமை வண்டி நெரிசலும் அதிகம்.

கொழுக்குமலை: இடம் தேனி மாவட்டம், வழி கேரளத்துச் சூரியநெல்லி. போடிமெட்டு வழியாகப் போய், சூரியநெல்லியில் ஜீப் பிடித்து, எலும்பு கழன்றுவிடும் பாதையில் ஏற வேண்டும். சூரிய உதயம் அபாரம்தான், முதல் தடவைக்கு வேண்டாம்.

முதல் தடவை என்றால் சிறுமலை அல்லது தாண்டிக்குடி என்பது என் கட்சி. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் சொச்சம்தான். சித்திரை மாதத்தில் வீட்டில் ஃபேன் காற்றே அனலாக வீசும்போது, சிறுமலையில் விடியற்காலை போர்வையை இழுத்துப் போர்த்துவீர்கள். 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் மார்கழி ராத்திரி புல்லின் மேல் உறைபனி படியும். அதைத் தாங்கும் சாமான் புதியவரிடம் இருக்காது.

3. மாதம்

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம். வனத்துறை மலையேற்றப் பாதைகளை அப்போது மூடிவிடுவது வழக்கம். எஸ்டேட் டென்ட்டில் தங்கலாம் என்றாலும் பகலில் நடக்க வழி இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை: மண் சரியும், மரம் விழும், அட்டை ஏறும். மே மாதத்தில் ஊரே மேலே இருக்கும்.

ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டும் தாண்டிக்குடி, சிறுமலைப் பக்கம் பரவாயில்லை. தென்மேற்குப் பருவமழை அங்கே அவ்வளவு மூர்க்கமாக இருக்காது, ஆனால் காற்று இருக்கும். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை லீவுகளில் கிளம்பவே கிளம்பாதீர்கள். அமைதி தேடிப் போய் அடுத்த டென்ட்காரரின் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பீர்கள்.

4. முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

படத்தைப் பார்த்து மயங்கிப் பணம் அனுப்பாதீர்கள். போனில் இதையெல்லாம் கேளுங்கள்.

நிலம் பட்டாவா? முகாம் நடத்த சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா? பதிவு எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் இருக்கு சார்" என்று மழுப்பினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாத டென்ட் தங்கல்களுக்கு அதிகாரிகள் வந்து சோதனை போட்டால், ராத்திரி குடும்பத்தோடு மூட்டை தூக்க வேண்டியது நீங்கள்தான்.

கழிப்பறை டென்ட்டிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே விளக்கு உண்டா, தண்ணீர் ராத்திரியும் வருமா? பெண்களும் குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் இந்தக் கேள்விக்கு வீடியோ கால் போட்டு நடந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆளாக இருந்தால் சிரித்துக்கொண்டே காட்டுவார்.

உங்கள் கார் எதுவரை போகும், அதற்கு மேல் ஜீப்புக்கு யார் பணம்? டென்ட் விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு ஜீப்பில் பிடித்துக்கொள்வது பழைய வித்தை.

மொத்தம் எத்தனை டென்ட்? பத்துக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். 'டிஜே நைட்', 'கேம்ப் ஃபயர் பார்ட்டி' என்று விளம்பரம் செய்யும் இடம் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கான இடமே இல்லை.

மழை, அரசு உத்தரவு, இ-பாஸ் (கொடைக்கானலுக்கு வண்டியில் போக எடுக்க வேண்டிய அனுமதி) கிடைக்காதது, இந்த மூன்று காரணத்துக்குப் பணம் திரும்புமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எனக்கு ஒரு இடத்தில் கிளம்பும் முந்தின நாள் சாயங்காலம் "டென்ட் இல்ல சார், ரூம்தான் இருக்கு, ரேட்டு கொஞ்சம் கூட ஆகும்" என்றார்கள். எழுதி வாங்கிய அந்த ஒரு வரியைத் திருப்பி அனுப்பியதும் முன்பணம் வந்து சேர்ந்தது. முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.

5. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

ஆதார் அசல், வருகிற எல்லோருக்கும். போனில் இருக்கும் படம் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் காகிதத்திலும் இருக்கட்டும்.

கொடைக்கானலுக்கு இ-பாஸ்: உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் எல்லாம் கேட்கும். 'எடுத்துத் தருகிறோம்' என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். 2025 கோடை சீசனில் நாளொன்றுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதனால் சீசனில் பாஸ் கையில் வந்த பிறகு தங்குமிடத்துக்குப் பணம் கட்டுங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கத்துச் சாவடியில் பாஸ் எடுக்க வழியில்லாமல் வரிசையில் நின்று போனை மேலே தூக்கிப் பிடிக்கும் ஆட்களை எப்போதும் பார்க்கலாம். அரசு பஸ்ஸில் போனால் பாஸ் தேவையில்லை. தாண்டிக்குடியில் தங்கிவிட்டு அப்படியே கொடைக்கானலும் ஏறலாம் என்ற எண்ணம் இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

வண்டிக்கு ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. வாடகைக் கார் என்றால் மஞ்சள் போர்டு வண்டிதானா என்று பாருங்கள். கொழுக்குமலைக்குப் போகும் நாள் வந்தால் கேரளத்துக்குள் நுழைய பெர்மிட் செலவும் சேரும்.

பேரிஜம் ஏரி பார்க்க வேண்டுமானால் தனி அனுமதி. கொடைக்கானல் வனத்துறையில் வாங்க வேண்டும். நாளுக்குச் சில வண்டிகளைத்தான் விடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

6. செலவு எவ்வளவு பிடிக்கும்

சாதாரண எஸ்டேட் டென்ட், ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன் சேர்த்து ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய்வரை கேட்பார்கள். வார நாளில் பேரம் படியும். அரசு பஸ் என்றால் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கே ஆளுக்கு 150 ரூபாயைத் தாண்டாது. சொந்தக் காரில் பெட்ரோலோடு, மலை ஏறும்போது மைலேஜ் அடிவாங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இருவர், இரண்டு ராத்திரி, பஸ்ஸும் ஆட்டோவுமாகப் போனால் 6,000 ரூபாயில் கௌரவமாக முடிக்கலாம். முதல் தடவைக்கு டென்ட் வாங்காதீர்கள். இருவர் டென்ட் நல்லதாக வேண்டுமானால் மூவாயிரத்துக்கு மேல் போகும், படுக்கும் பை தனி. பிடிக்காவிட்டால் பரணில் கிடக்கும். அவர்கள் தருவதில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். சொந்தமாகக் கொண்டுபோகத்தான் ஆசை என்றால் வாடகைக்கு எடுங்கள்.

7. மூட்டையில் என்ன இருக்க வேண்டும்

குளிர் மேலிருந்து வரும் என்றுதான் எல்லோரும் ஸ்வெட்டர் வாங்குகிறார்கள். உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பது தரையிலிருந்து ஏறும் குளிர். டென்ட்டில் அவர்கள் விரித்திருக்கும் ஷீட் போதாது. யோகா செய்யும் தடித்த விரிப்பை ஆளுக்கு ஒன்று சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஜமுக்காளம், அதன் மேல் நீங்கள். ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் விளக்குத்தூண் பக்கம் மலிவாகக் கிடைக்கும். கொடைக்கானல் ஏரிக்கரைக் கடையில் வாங்கினால் அதற்குத் தனி விலை.

தூங்கும்போது போட ஒரு ஜோடி காலுறையைத் தனியாகக் கவரில் கட்டி வையுங்கள். பகலில் போட்டதை ராத்திரி போடாதீர்கள். வியர்வை ஈரம் போதும், விடியவிடியக் கால் சில்லிட்டுக் கிடக்கும்.

தலையில் மாட்டும் டார்ச், விசில், உப்புப் பொட்டலம், ஓஆர்எஸ், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஒரு நாள் கூடுதலாக. வளைவுச் சாலையில் குமட்டுகிறவர்கள் மாத்திரையைப் பஸ் ஏறுவதற்கு அரைமணி முன்னால் போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை. பிடிபட்டால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி கட்ட வேண்டும்.

சாப்பாடு அங்கேயே தருவார்கள். இருந்தாலும் முதல் நாள் மதியத்துக்கு நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, இல்லாவிட்டால் புளியோதரை கையில் இருக்கட்டும். மலைச்சாலையில் குரங்கு இருக்கும் இடத்தில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

8. கிளம்பும் நேரம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி, கொடைக்கானல் பஸ்கள் கிடைக்கும். மாட்டுத்தாவணிக்குப் போய் நிற்காதீர்கள். கொடைக்கானலுக்குச் சுமார் நாலு மணி நேரம். சிறுமலைக்குத் திண்டுக்கல்லில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும், எண்ணிக்கை குறைவு, நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போனாலும் சாயங்காலம் நாலு மணிக்குள் டென்ட் வாசலில் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் கழிப்பறைக்கு இரண்டு தடவை நடந்து பார்த்து வையுங்கள். எந்த வேர் தட்டும், எந்தப் படி உயரம் என்று கால் தெரிந்துகொள்ளும். ராத்திரி இரண்டு மணிக்கு அதன் அருமை தெரியும்.

9. ராத்திரி எப்படி இருக்க வேண்டும்

நெருப்பு விஷயத்தில் விளையாட்டே கூடாது. அவர்கள் ஒதுக்கிய இடத்தில், அவர்கள் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குளிருக்காகக் கரி அடுப்பை டென்ட்டுக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. 2024-ல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை உள்ளே வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். கரி கனன்றுகொண்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது.

தின்பண்டத்தை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். காட்டுப்பன்றியும் எலியும் மோப்பம் பிடித்து வரும். மேல்மலையில் காட்டுமாடு சர்வசாதாரணம். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ராத்திரி பெரிய மூச்சுச் சத்தம் கேட்டு நான் டார்ச்சைத் திருப்பியபோது காவல்காரர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "தம்பி, லைட்ட அது மூஞ்சில அடிக்காதீக. அது பாட்டுக்குப் புல்ல மேஞ்சுட்டுப் போயிரும்." "சரிண்ணே" என்று அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இருட்டு பழகியதும் தெரிந்தது: முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால், மேலே கரிய மலை போல உடம்பு. புல்லைப் பிய்க்கும் 'சரக் சரக்' சத்தம் தெளிவாகக் கேட்டது. படம் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. யானை நடமாட்டம் உள்ள பகுதி என்று அவர்கள் சொன்னால் ஆறு மணிக்கு மேல் டென்ட் வட்டத்தை விட்டு நகராதீர்கள்.

போனை அணைத்துப் பையின் அடியில் போடுங்கள். வீட்டுக்குத் தங்குமிடத்தின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனால் அவர்களுக்கும் பதற்றம் இருக்காது. மது வேண்டாம் என்று உபதேசம் செய்யவில்லை. குடித்துவிட்டுப் படுத்தால் முதல் ஹெடிங்கில் சொன்ன தூக்கம் கிடைக்காது, அவ்வளவுதான்.

இரண்டாவது நாள் பகலில் எதையும் திட்டமிடாதீர்கள். 'பாயிண்ட்' பார்க்கக் கார் எடுத்தால் போச்சு. எஸ்டேட்டுக்குள்ளேயே நடந்தால் போதும். வயதுக்கு வந்த மகன் அப்பாவிடம் மணிக்கணக்காகப் பேசுவதை அங்கேதான் பார்த்திருக்கிறேன், வேறு வேலை இல்லாததால்.

10. இறங்கி வந்த பிறகு

அட்டை கடித்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், உப்பு வைத்தால் தானே விழும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற காய்ச்சல் வரும். திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி வந்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் "மலையில் டென்ட்டில் தங்கினேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவருக்கு அந்தப் பரிசோதனை ஞாபகம் வரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் சரியாகிவிடும், விட்டால் நுரையீரல், சிறுநீரகம்வரை போகும்.

வாடகை டென்ட் கொண்டுபோயிருந்தால் வந்த அன்றே மொட்டை மாடியில் விரித்துக் காயவையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அரைமணி போதும். ஈரத்தோடு சுருட்டிக் கொடுத்தால் பூஞ்சை பிடித்துவிட்டது என்று டெபாசிட்டில் கழித்துக்கொள்வார்கள்.